எதைத் தடுக்க முடியாது?

விக்கிரமசிங்கபுரம் நூற்பாலையைப் பற்றித் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பாபநாசத்து நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் தொடங்கிய ஆலை அது. அத்தகைய ஆலையில் பஞ்சு நூலாவதற்குள் பல எந்திரங்களைக் கடக்கிறது. ஒன்று தருவதை அடுத்தது வாங்கிக்கொள்ள வேண்டும். முந்தியது விரைந்தால் சரக்கு தேங்கும். பிந்தியது விரைந்தால் வெறுமனே காத்து நிற்கும். எது எப்போது ஓடலாம், எப்போது ஓடக்கூடாது என்று பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் வேலையைக் கணிதத்திடம் ஒப்படைக்க முடியுமா?

முடியும் என்கிறது ஒரு கொள்கை. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மரே வோன்ஹாமும் அவருடைய மாணவர் பீட்டர் ரமாட்ஜும் 1980களில் உருவாக்கி, 1987இல் விரிவாக வெளியிட்டது அது. வோன்ஹாமும் கய் ட்சாயும் சேர்ந்து எழுதிய பெருநூல் 2019இல் வெளிவந்தது. இக்கொள்கையின் நிறைகுறைகளை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஓர் எந்திரத்திற்கு ஓய்வு, ஓட்டம், பழுது என மூன்று நிலைகள் உண்டென்று கொள்வோம். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு அதனைக் கொண்டுசெல்பவை நிகழ்ச்சிகள். நிலைகளும் நிகழ்ச்சிகளும் எண்ணி முடிக்கத்தக்கவையாக இருந்தால், அந்த அமைப்பை முடிவுறு தன்னியக்கி என்பர். இதுவரை புதுமை ஒன்றுமில்லை. நம் கல்லூரிகளில் கணினி அறிவியல் மாணவர் இதனைத் தேர்வுக்காகப் படிக்கின்றனர்; ஆனால் இரண்டு எழுத்துகளை வைத்து ஆடும் விளையாட்டாகவே பெரும்பாலும் படித்து முடித்துவிடுகின்றனர்.

வோன்ஹாம், ரமாட்ஜ் இருவரும் செய்த புதுமை, நிகழ்ச்சிகளை இரண்டு சாதியாகப் பிரித்ததுதான். எந்திரத்தை ஓடவிடுவது நம் கையில் இருக்கிறது. ஓடத் தொடங்கியது வேலையை முடிப்பதோ, இடையில் பழுதடைவதோ நம் கையில் இல்லை. மேற்பார்வையாளர் முதல் வகையை மட்டுமே தடுக்கலாம். இரண்டாம் வகையைத் தடுக்க அவருக்கு அதிகாரமில்லை.

இதற்கு அவர்கள் தரும் சிறு தொழிற்சாலைக் கணக்கைத் தாளும் பென்சிலுமாக நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டு எந்திரங்கள், இடையே ஒரே ஒரு பொருள் கொள்ளும் மேசை. மொத்த நிலைகள் 3 × 3 × 2 = 18. மேசை நிறைந்திருக்கையில் முதல் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ஓடினால் அது முடிப்பதை நாம் தடுக்க முடியாது, பொருள் வைக்க இடமும் இராது. ஆகவே மேசை காலியாகும்வரை அதனைத் தொடங்க விடக்கூடாது. தொடங்கவே விடாதபோது, மேசை நிறைந்த நிலையில் அது பழுதடையவும் வழியில்லை. ஆக 6 நிலைகள் கழிந்து 12 எஞ்சும். தேவைக்கு மேல் ஒரு தடைகூட இதில் இல்லை என்பது இக்கொள்கையின் அழகு.

இந்தப் பிரிவினையின் பயன் உற்பத்தியோடு நிற்பதில்லை. நூற்பாலையின் புளோ ரூமில் பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை நிறுத்தியதும் அது நின்றுவிடாது. கனத்த உருளை, அதன் கோண உந்தம் உராய்வால் கரையும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே நிற்கும் என்ற ஏற்பாடு பார்வைக்குப் போதுமானதாகத் தோன்றும். கொள்கையின்படி சோதியுங்கள்: சுழற்சி நிற்பது நம் ஆணைக்குக் கட்டுப்பட்டதன்று, சிக்கிய பஞ்சை எடுக்கத் தொழிலாளி கை நீட்டுவதும் அப்படியே. ஆகவே மூடி திறந்து, பீட்டர் சுழன்று, கை உள்ளே போகும் நிலையை எந்த மேற்பார்வையாளராலும் விலக்க முடியாது. பீட்டர் நிற்கும்வரை மூடியே திறவாதபடி பூட்டு அமைத்தால், தடுக்க முடியாத நிகழ்ச்சி தடுக்கக்கூடியதாக மாறுகிறது. நிரலைத் திருத்திப் பயனில்லை, எந்திரத்தைத் திருத்து என்று ஒரு கணிதம் சொல்லுமானால், அது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. எந்திரங்களின் இயங்கும் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. எத்தகைய காப்பு உண்மையில் காக்கும் என்று ஆராய இக்கொள்கை நல்ல கருவி. பூனையும் எலியும் அறை அறையாகத் திரியும் புதிரை விட்டுவிட்டு இப்படிப்பட்டவற்றைக் கொண்டு இதனைக் கற்பித்தால் என்ன?

இனிக் குறைகள். நிலைகள் பெருகும் வேகம் அச்சமூட்டுவது. மூன்று நிலை எந்திரங்கள் 10 என்றால் 59,049 நிலைகள். 20 என்றால் 348 கோடிக்கு மேல். 400 கதிர்கள் கொண்ட ஒரு ரிங் பிரேமில், ஒவ்வொரு கதிரிலும் இழை ஓடுகிறதா, அறுந்ததா என்று மட்டும் பார்த்தாலே 121 இலக்க எண் வந்துவிடும். அமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஆளும் முறைகளை நூல் விரிவாகத் தருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. நிகழ்ச்சிகளின் பட்டியலை எழுதுவது யார்? பழுது என்பது முன்னறிவிப்பின்றி வானத்திலிருந்து விழும் நிகழ்ச்சியாகச் சிறு தொழிற்சாலையில் வருகிறது. ரிங் பிரேமில் நிற்கும் சைடருக்கோ பேரிங் கரகரப்பது முதலில் காதில் விழும், பிறகு தொட்டால் சுடும், நிற்பது கடைசியில்தான். காற்றில் ஈரம் குறைந்தால் இழை அதிகம் அறுபடும் என்பதும் அவர் அறிந்ததே. வெப்பநிலையும் ஈரப்பதமும் தொடர்ந்து மாறும் அளவுகள். ஓட்டம், பழுது என்ற இரு கட்டங்களுக்கிடையே அவை நழுவிவிடுகின்றன. ‘சூடேறுகிறது’ என்று இன்னொரு நிலையைச் சேர்க்கத் தடையில்லை. ஆனால் சேர்க்க வேண்டும் என்பது மேசையில் அமர்ந்து பட்டியல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் விட்டுவிட்டதைக் கணிதம் கண்டுபிடித்துத் தராது. பி.எல்.சி. என வழங்கும் சிறு கணிப்பொறிகள் ஆலைகளில் இடம்பிடித்துவிட்ட இந்நாளில், சைடரைக் கேட்காமல் எழுதிய பட்டியலும் பிழையற்றதாக நிறுவப்பட்ட நிரலாக வெளிவரக்கூடும்.

நூலின் தொடக்கத்தில் வரும் இயற்கணிதம் சற்றுக் கடினமானது. அதனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு எந்திரங்களும் ஒரு மேசையும் வரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். 12 நிலைகளையும் வரைந்து முடித்ததும், மேசையில் இரண்டு பொருள்களுக்கு இடமிருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள்.