விகிதம் காட்டாத நோய்

இந்தோனேசியாவில் 2014 ஜனவரி முதல் தேதி தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. அவசர நோயாளி நீங்கலாக, உறுப்பினர்கள் முதலில் தாம் பதிவு செய்துகொண்ட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் செல்லவேண்டும். அங்கேயே தீர்க்கவேண்டிய நோய்கள் என 144-ஐப் பட்டியலிட்டனர். ஆயினும் அந்நோய்களுக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்புவது நிற்கவில்லை.

காரணம் என்ன? நிலையத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் பணம் வந்துவிடுகிறது. நோயாளியைக் குணப்படுத்தினாலும் மேலே அனுப்பினாலும் தொகை ஒன்றே. அனுப்பினால் மருந்தும் நேரமும் மிச்சம். இது ஒரு காரணம். மருந்து இருப்பில் இல்லாமை, பரிசோதனை வசதியின்மை, பெரிய டாக்டரிடம் அனுப்புமாறு நோயாளியே வற்புறுத்துதல் ஆகியவை மற்றவை.

இதைத் தடுக்க ஒரு விகிதம் வகுத்து, நிலையத்தின் பணத்தில் ஒரு பங்கை அதனுடன் பிணைத்தார்கள். வேண்டாத சீட்டுகளை மொத்தச் சீட்டுகளால் வகுக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டு விதிப்படி விடை 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது.

நோக்கம் நல்லதே, அளவுகோல்தான் கோணல். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். இரு நிலையங்களுக்குத் தலா 1,000 நோயாளிகள் வந்ததாகக் கொள்வோம். ஒன்று 100 சீட்டு எழுதியது; வேண்டாதவை 5. விகிதம் 5 விழுக்காடு. மற்றது 250 சீட்டு எழுதியது. அதிலும் வேண்டாதவை 5. விகிதம் 2 விழுக்காடு. குறைவாக அனுப்பிய நிலையம் தோற்றது. அதிகம் அனுப்பியது தேறியது! பகுதியில் இருக்கவேண்டியது சீட்டுகளின் எண்ணிக்கையன்று, வந்த நோயாளிகளின் எண்ணிக்கை.

தொகுதியிலும் ஓட்டை உண்டு. வயது, சிக்கல், உடனிருக்கும் வேறு நோய் எனக் காரணம் எழுதினால் பட்டியல் நோய்க்கும் சீட்டு தரலாம். எழுதுபவர் டாக்டர், அளக்கப்படுபவரும் அவரே.

இதனினும் பெரிய குறை ஒன்று. மருந்தின்றி நோயாளியை அனுப்பிய நிலையத்துக்கும், சோம்பலால் அனுப்பிய நிலையத்துக்கும் தண்டனை ஒன்றே. மருந்து இல்லாத இடத்தில் பணத்தையும் குறைத்தால், அடுத்த மாதம் மருந்து எங்கிருந்து வரும்? தீவுக்காரர் படகேறி, ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே கடும் நோயாளியின் வரிசை இன்னும் நீளும்.

வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். மலேரியாவா, டைபாய்டா என்று சொல்லாது. ஒவ்வொரு சீட்டிலும் 'மருந்து இல்லை', 'கருவி இல்லை', 'நோயாளி கேட்டார்' என்று உண்மைக் காரணத்தைத் தண்டனை அச்சமின்றிக் குறிக்கச் செய்யவேண்டும். திருந்தவேண்டியது டாக்டரா, மருந்துக் கிடங்கா என்பது அப்போதுதான் தெரியும்.