ஆங்கில எழுத்து வழக்கில் 'தட்' தொடர்: லாங்மன் இலக்கணமும் கற்பித்தலும்

டக்ளஸ் பைபர் உள்ளிட்ட ஐவர் இயற்றிய 'லாங்மன் கிராமர் ஆஃப் ஸ்போக்கன் அண்ட் ரிட்டன் இங்கிலீஷ்' 1999இல் வெளிவந்தது. நான்கு கோடிக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தரவகத்தின் துணையுடன் உரையாடல், புனைகதை, செய்தி, கல்விசார் உரைநடை ஆகிய நான்கு வழக்குகளை இந்நூல் ஒப்பிடுகிறது. 'தட்' உரையாடலில் தொக்கு நிற்பதும் கல்விசார் உரைநடையில் வெளிப்பட நிற்பதுமே பெருவழக்கு என்பது இதன் முடிபு.

இம்முடிபைப் 'பேச்சில் விடுக. எழுத்தில் இடுக' எனச் சுருக்கிக் கற்பிப்பது பொருந்தாது. முதலாவதாக, இந்நூலே தொடரமைப்புச் சார்ந்த காரணங்களையும் சுட்டுகிறது. முதன்மை வினை 'திங்க்', 'சே' என்பனவாகவோ துணைத்தொடரின் எழுவாய் பிரதிப்பெயராகவோ அமையின் 'தட்' எளிதில் தொகும். செயப்பாட்டு வினையை அடுத்தும், வினைக்கும் துணைத்தொடருக்கும் இடையே பெயர்த்தொடர் வருமிடத்தும் அது பெரும்பாலும் நிலைக்கும். இரண்டாவதாக, கடிதம், மின்னஞ்சல், அறிவிப்பு முதலிய அன்றாட எழுத்து அந்நான்கனுள் தனி வழக்காக இடம்பெறவில்லை. எனவே, கல்விசார் உரைநடைக்குரிய போக்கை எழுத்து முழுமைக்கும் ஏற்றியுரைத்தல் தகாது.

பொருள் தெளிவு மூன்றாவது காரணமாகும். 'த மினிஸ்டர் செட் யெஸ்டர்டே த ஸ்கூல் வாஸ் க்ளோஸ்ட்' என்னும் தொடரில், அமைச்சர் கூறியது நேற்றா, பள்ளி மூடப்பட்டது நேற்றா என்னும் ஐயம் எழுகிறது. 'யெஸ்டர்டே' என்பதற்கு முன்னோ பின்னோ 'தட்' வருமாயின் ஐயம் நீங்கும். இங்கு அச்சொல் வேண்டப்படுவது நடையின் உயர்வு கருதியன்று. பொருள் வரையறை கருதியே.

தமிழில் 'என்று' பெரும்பாலும் தொகுவதில்லை. ஆதலின், இடுவதா விடுவதா என்னும் தேர்வு தமிழ் மாணவர்க்குப் புதிது. அவர்களுக்கு விதியினும் அதன் காரணங்களே பெரிதும் பயன்படும்.