துணையின்றி வந்த பாடல்கள்

இரவில் குதிரையேறிச் செல்லும் தந்தை, மடியில் மகன், அவனைப் பறித்துக்கொள்ளும் ஆவியரசன்: கதேயின் ‘எர்ல்கோனிக்’ என்றதும் ஷூபர்ட் 1815இல் அமைத்த இசைதான் பேசப்படுகிறது. அதற்கு முதலில் மெட்டமைத்தவர் வைமார் அரசவைப் பாடகி கொரோனா ஷ்ரோட்டர் (1751–1802). 1782இல், இல்ம் ஆற்றங்கரையில் டீஃபுர்ட் பூங்காவில் அரங்கேறிய ‘மீனவப் பெண்’ இசைநாடகத்துக்காக அதை அமைத்து, நாயகியாக நடித்து அவரே பாடினார்.

சிறிய மெட்டு, எல்லாக் கண்ணிகளுக்கும் அதுவே. ஷூபர்ட்டின் பாய்ச்சலருகே வைத்து ‘எளிமையானது’ என்று இதை ஒதுக்குபவர்கள் நாடகத்தை மறந்துவிடுகிறார்கள். இரவாகியும் வீடு திரும்பாத தந்தைக்கும் காதலனுக்கும் காத்திருப்பவள், வேலைக்கிடையே பாடும் பழங்கதை அது. சற்று நேரத்தில், காக்கவைத்தவர்களுக்குப் பாடம் புகட்ட, ஆற்றில் மூழ்கியதுபோல் நடிக்கப்போகிறாள். அந்த அலுப்புக்கும் அடங்கிய கோபத்துக்கும் திரும்பத் திரும்ப வரும் மெட்டே பொருத்தம்.

1786இல் 25 பாடல்களை அச்சிட்டபோது, அறிவிப்பில் அவர் தயங்குகிறார்: துணையின்றிப் பொதுவெளிக்கு வராதே என்று பெண்ணுக்குள் பதிக்கப்பட்ட உணர்வு, தன் இசையை முன்வைக்கவும் கூச வைக்கிறது என்கிறார். இளம்வயதிலேயே லைப்சிக் மேடைகளில் பாடியவருக்கா கூச்சம்? பிறர் இசையைப் பாடும் குரலாக இருக்கும்வரை யாரும் கேள்வி கேட்கவில்லை. தன் பெயரில் இசையை வெளியிடும்போதுதான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னார். ஆனால் அச்சிடாமல் இருக்கவில்லை. 1794இல் இரண்டாம் தொகுப்பும் வந்தது. அந்தத் தயக்கத்தை அடக்கம் என்று புகழ்வதைவிட, அது யார் வசூலித்த சுங்கம் என்று கேட்பதே நம் வேலை.