படத்தில் இருப்பதும் பார்வையில் இருப்பதும்

நம்மவர் வெளியிடும் விழா மலர்களிலும் குடும்ப வரலாறுகளிலும் பழைய புகைப்படங்களின் கீழ் இடப்படும் குறிப்புகள் ஒரே அச்சில் வார்த்தவை. இடமிருந்து வலமாக ஆண்களின் பெயர்கள். முடிந்தால் ஓர் ஆண்டு. முக்காலி, கூஜா, கடிகாரம் பற்றி ஒரு சொல்லும் இராது. சொல்லப்பட்டாலோ, பெரும்பாலும் கண்ணால் கண்டதைவிட மனம் விரும்பியதே அதில் இடம்பெறுகிறது.

திருப்பூரில் பனியன் தொழில் செய்துவரும் குடும்பமொன்று மலரில் வெளியிட்ட படத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டுத் திண்ணையில் எடுக்கப்பட்டது. துருக்கித் தொப்பியணிந்த பெரியவர் அமர்ந்திருக்கிறார். பின்னால் மூன்று புதல்வர்கள். அருகே முக்காலியில் கைப்பிடியுள்ள சிறிய கறுத்த பெட்டி. 'பாட்டனாரின் கல்லாப்பெட்டி, முதல் பனியன் கம்பெனி காலம்' என்கிறது குறிப்பு. திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி 1925இல் குலாம் காதர் தொடங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அப்பெருமையின் ஓரத்திலேனும் இப்படம் நிற்கட்டும் என நாமும் விரும்பினோம். கிலாஃபத் நாட்களை நினைவூட்டும் தொப்பியும் துணைக்கு வந்தது.

உருப்பெருக்கிப் பார்த்தபோது பெட்டி வேறாயிற்று. துளையிட்ட தோலுறை, எண் வரிசை, திருகுகுமிழ். அது டிரான்சிஸ்டர் வானொலி. அவ்வகை, உலகச் சந்தைக்கு வந்ததே 1954இல்தான். தொப்பியும் சான்றாகாது. துருக்கி 1925 நவம்பரில் சட்டமியற்றி விலக்கிய அதனை நம் ஊர்ப் பெரியவர்கள் பின்னும் பல பத்தாண்டுகள் அணிந்தனர்.

இப்பிழை எளிய மனிதர்க்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு அறிஞர் ரொலாண் பார்த், 1980இல் வெளிவந்த தம் நூலில், ஜேம்ஸ் வான் டெர் ஸீ 1926இல் எடுத்த கறுப்பினக் குடும்பப் படமொன்றைப் பற்றி எழுதுகிறார். அதிலுள்ள பெண்ணின் கழுத்தணியைப் பொற்சரடு என்கிறார். படத்திலிருப்பதோ முத்துமாலை. மார்கரெட் ஓலின் 2002இல் இதனைச் சுட்டிக்காட்டினார். பொற்சரடு பார்த்தின் மறைந்த அத்தையுடையது. தம் வீட்டுப் பேழையிலிருந்ததை அவர் பிறர் கழுத்தில் கண்டார். கல்லாப்பெட்டியும் அவ்வாறு வந்ததே.

ஸ்டுடியோப் படமாயின் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கு நாற்காலி, தொலைபேசி, பூச்சாடி யாவும் ஸ்டுடியோவின் உடைமையாக இருக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலக உதவியுடன் மின்னுருவாக்கிய தமிழக ஸ்டுடியோப் படங்களைப் பார்ப்போர், ஒரு பொருளைக் குடும்பச் செல்வமாக எண்ணுமுன் இதனைக் கேட்டாக வேண்டும். நம் படம் திண்ணையில் எடுக்கப்பட்டது நல்வாய்ப்பே.

முப்பதாண்டுப் பழமையை இழந்த குடும்பத்தார் வருந்தினர், மறுப்பதற்கில்லை. ஆயினும் குறிப்பு விட்டுவைத்தவை சில உண்டு. பெரியவரின் மெல்லிய மல் ஜிப்பாவினூடே பனியனின் கைவிளிம்பு தெரிகிறது. அந்த வீட்டின் தொழில் அது. வானொலியின் கீழே வெண்ணிறப் பின்னல் விரிப்பு. இதனைப் பின்னியவர் யாரென்று கேட்டோம். ஆண்களுக்குத் தெரியவில்லை. உள்ளிருந்து வந்த மூத்த பெண்மணி படத்தைக் கண்ணருகே பிடித்து, "எங்க மாமி குரோஷா ஊசியில போட்டது" என்றார்.

மலரின் குறிப்பில் அந்த மாமியின் பெயர் இல்லை.