கொறங்காட்டு மண்ணின் உயிர்

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களின் தனியார் மேய்ச்சல் நிலம் கொறங்காடு எனப்படும். ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை பெறும் மானாவாரி நிலம் அது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். காட்டைத் துண்டுகளாகப் பிரித்து வேலியிட்டிருப்பர்; ஒன்றில் மாடும் ஆடும் மேயும்போது மற்றது ஓய்ந்து கிடக்கும். காங்கேயம் மாட்டை வளர்த்தெடுத்த இம்முறையைத் தீவனத்தை வைத்து எடைபோடுவதே வழக்கம். மண்ணுக்குள் வாழும் உயிர்களை வைத்து எடைபோட்டால் சில குறைகளும் தெரியவரும்.

மாடு புல்லைக் கடித்ததும் அதன் வேரில் ஒரு பங்கு மடிகிறது. எஞ்சிய வேர்கள் சர்க்கரைப் பொருள்களை மண்ணில் கசியவிடுகின்றன. பாக்டீரியாக்கள் இவற்றை உண்டு பெருகும். அவற்றை நூற்புழுக்களும் ஒருசெல் உயிரிகளும் தின்று கழிக்க, தழைச்சத்து மறுபடி வேருக்கே கிடைக்கிறது. அளவான மேய்ச்சல் மண்ணுயிரைத் தூண்டும் என்பது இதனால்தான். துளிர்த்த புல் தலையெடுக்குமுன் மீண்டும் கடிபட்டாலோ, வேரின் சேமிப்பு கரைந்து, வேரை அண்டி வாழும் பூஞ்சைகளும் மெலியும். ஆகவே கொறங்காட்டின் முதல் நன்மை மேய்ச்சலில் இல்லை, மேய்ந்தபின் சாத்தப்படும் படலில் இருக்கிறது. காடு சுருங்கி, துண்டுகள் குறைந்த இடங்களில் வேலி இருந்தும் அந்த ஓய்வு இல்லை.

குளம்பின் விளைவு இன்னும் சிக்கலானது. ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி, அடர்ந்த மந்தையின் குளம்பு இறுகிய மேல்மண்ணை உடைத்து நிலத்தை மீட்கும் என்று வாதிட்டார். 2013இல் அவர் ஆற்றிய உரை உலகெங்கும் பேசப்பட்டது. அந்த வாதத்துக்கு ஆய்வுகளின் ஆதரவு போதாது. வறண்ட நிலத்தின் மேல்மண்ணில் நீலப்பச்சைப் பாசிகளும் பூஞ்சைகளும் பின்னி ஒரு மெல்லிய ஓடாகப் படர்கின்றன. அது மண்ணைக் கட்டிப்பிடிக்கிறது, காற்றிலுள்ள தழைச்சத்தையும் சேர்க்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் நொறுங்கிய அத்தகைய ஓடு மீளப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பெருமந்தைகளோடு வளர்ந்த ஆப்பிரிக்கப் புல்வெளிக்கான பாடத்தை எல்லா வறண்ட நிலத்துக்கும் நீட்டுவது பிழை. கொறங்காட்டில் குளம்பின் இடர் மழைப்பருவத்தில் வருகிறது. ஐப்பசி மழையில் ஊறிய மண்ணை மந்தை மிதித்தால் நுண்துளைகள் அடைபட்டு, காற்றும் நீரும் இறங்குவது குறையும். புல் தழைத்து, மாட்டைக் காட்டில் விடத் தூண்டுவதும் அதே பருவம்தான்.

சாணத்தை மண்ணுக்குள் கொண்டுசேர்ப்பது மழைக்காலத்தில் சாணவண்டு, கோடையில் பெரும்பாலும் கரையான். இவ்வேலையாட்களின் அருமையை ஆஸ்திரேலியா பட்டுத்தான் அறிந்தது: அந்நாட்டு வண்டுகள் மாட்டுச்சாணத்தைக் கையாளப் போதாததால், 1960களில் வெளிநாட்டு வண்டுகளைத் தருவிக்க நேர்ந்தது. கொறங்காட்டில் வண்டுக்குப் பஞ்சமில்லை; சாணம்தான் ஓரிடத்தில் குவிகிறது. உச்சிவெயிலில் கால்நடைகள் வெள்வேல நிழலில் ஒதுங்குவதால் மரத்தடி கொழுத்து, வெட்டவெளி மெலிகிறது. அள்ளி விற்ற சாணமும், இரவில் வேறு வயலில் ஆட்டுப்பட்டி போட்டுச் சேரும் புழுக்கையும் காட்டுக்குத் திரும்பாத செல்வம். புல் குன்றிய காட்டைச் சில ஆண்டுகளுக்கொருமுறை உழுது விதைப்பது புல்லைப் புதுப்பிக்கும். ஆனால் பூஞ்சை இழைகளையும் அறுத்தெறியும்.

கண்ணுக்கு எளிதில் தெரியாத கேடு குடற்புழு மருந்து. ஐவர்மெக்டின் ஊசி போட்ட கால்நடையின் சாணத்தில் மருந்தின் எச்சம் தங்கி, வண்டுப் புழுக்களைக் கொல்கிறது. முதல் சில நாள்களில் அதன் அளவு மிகுதி. அந்த நாள்களில் கால்நடையைக் கொட்டகையில் கட்டிவைத்தாலோ, வண்டுகள் பெருகும் மழைப்பருவத்தில் அவ்வூசியைத் தவிர்த்தாலோ இந்த இழப்பு குறையும்.