நினைவெழுத்தும் மறதியும்: பம்மல் சம்பந்த முதலியாரின் நாடக நினைவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் பெரிதும் சார்ந்திருக்கும் சான்றுகளுள் கலைஞர்களின் தன்வரலாற்றெழுத்து முதன்மையானது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’, அவ்வை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ ஆகிய இரண்டும் அவற்றுள் தலையானவை. இந்நூல்கள் யாருடைய வாழ்வைப் பதிவுசெய்கின்றன, யாருடைய வாழ்வை விட்டுவிடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பயில்முறை நாடகக்காரர், தொழில்முறை நாடகக்காரர், நடிகையர் ஆகிய மூவகையினரும் ஒரே மேடை மரபுக்கு உழைத்திருப்பினும், எழுதும் வாய்ப்பு அவர்களுக்கு ஒத்த அளவில் கிட்டவில்லை. அந்த ஏற்றத்தாழ்வே பிற்கால வரலாற்றின் மதிப்பீடாகவும் மாறியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பம்மல் சம்பந்த முதலியார், சுகுண விலாச சபை, பாலர் நாடகக் குழு, தன்வரலாறு, நடிகையர், தொடக்ககாலத் திரைப்படம்.

முன்னுரை

சென்னையின் தென்புறத்தில், பல்லாவரத்திற்குக் கிழக்கே கீழ்க்கட்டளையும் மேற்கே பம்மலும் அமைந்துள்ளன. 2021ஆம் ஆண்டு உருவான தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் இன்று இவ்விரண்டும் அடங்கும். ஒருகாலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இச்சிற்றூர்கள் இன்று குடியிருப்புகளாலும் அகன்ற சாலைகளாலும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. இப்பகுதியின் பெயரைத் தமிழ் நாடக வரலாற்றில் நிலைநிறுத்தியவர் சம்பந்த முதலியார் (1873–1964). அவருடைய கலைவாழ்வு சென்னைப் பட்டணத்திலும் விக்டோரியா பொது மண்டபத்து மேடையிலும் நிகழ்ந்தது. எனினும் ஊர்ப்பெயர் அவருடைய பெயரின் முன்னொட்டாக நின்று நிலைத்தது.

‘தமிழ் நாடகத் தந்தை’ என்னும் சிறப்புப் பெயர் அவருக்கு வழங்குகிறது. 1891ஆம் ஆண்டு நண்பர்கள் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவியது, தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றியது, ஷேக்ஸ்பியர் நாடகங்களை ‘அமலாதித்யன்’, ‘மகபதி’, ‘வாணிபுர வணிகன்’ எனத் தமிழ்ப்படுத்தியது, கற்றோரை மேடையேற்றியது ஆகியன அப்பெயருக்கு உரிய காரணங்கள். இவை மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் இச்சாதனைகளை இன்று அறிவதற்குரிய முதன்மைச் சான்று அவர் தாமே எழுதிய நினைவுகளாகும். சான்றும் சாதனையும் ஒருவரிடமிருந்தே வரும்போது, அச்சான்றின் நோக்குநிலையை ஆராய்வது திறனாய்வின் கடமையாகிறது.

இரு தலைப்புகள், இரு வாழ்வுகள்

நூல்களின் தலைப்புகளே அவற்றின் வேறுபாட்டை உணர்த்துகின்றன. சம்பந்த முதலியார் எழுதியது ‘நாடக மேடை நினைவுகள்’. சண்முகம் 1972இல் வெளியிட்டது ‘எனது நாடக வாழ்க்கை’. முன்னதில் மேடை என்பது ஒருவர் சென்று திரும்பும் இடம். பின்னதில் நாடகம் என்பது வாழ்க்கையே.

இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. சம்பந்த முதலியார் கல்வித் துறையில் அலுவல் பார்த்த விஜயரங்க முதலியாரின் மைந்தர். மாநிலக் கல்லூரியில் பயின்றவர். வழக்கறிஞராகவும் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றியவர். சபையில் நடித்ததற்கு அவர் ஊதியம் பெறவில்லை. சபையின் உறுப்பினர்களாக இருந்தோரும் அத்தகையோரே. எஸ். சத்தியமூர்த்தி, ஆர்.கே. சண்முகம் செட்டியார் போன்ற பொதுவாழ்வின் பெருமக்கள் அம்மேடையில் வேடமேற்றனர். பகலில் நீதிமன்றமும் அலுவலகமும், மாலையில் ஒத்திகையும் என அமைந்த வாழ்வு அது. வேண்டாதபோது மேடையை விட்டு விலகும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

சண்முகத்திற்கு (1912–1973) அவ்வுரிமை இல்லை. 1918ஆம் ஆண்டு, ஆறு வயதில், உடன்பிறந்தாருடன் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தார். தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் மேடையில் பெண்வேடம் ஏற்ற நடிகர். குழுவில் கிடைத்த உணவும் உறையுளுமே குடும்பத்தின் பிழைப்பு. ஊர் ஊராகச் செல்லுதல், கொட்டகை அமைத்தல், வசூல் குறைந்த இரவுகள், குரல் உடையும் பருவத்தில் சிறுவர்க்கு நேரும் அச்சம் ஆகியனவே தொழில்முறை நடிகரின் உலகம். பயில்முறை நடிகருக்குத் தொண்டை கட்டினால் ஒரு நாடகம் தள்ளிப்போகும். பாலர் குழுச் சிறுவனுக்குத் தொண்டை கட்டினால் பாகமே போய்விடும். இருவரும் நடித்தனர் என்பது உண்மை. ஆனால் ‘நடித்தல்’ என்னும் அவ்வினை இருவருக்கும் ஒரே பொருள் தரவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தம் வாழ்வைத் தாம் எழுதி வைக்கவில்லை. இன்று அவரை ஓர் ஆளுமையாக உருவகித்துக் காண்பதற்குப் பெருந்துணையாவது மாணவராகிய சண்முகத்தின் எழுத்தே. ஆசிரியர் நாடகங்களை விட்டுச் சென்றார். ஆசிரியரின் வாழ்வை மாணவர் காத்தார். மாணவர் எழுத்தறிவும் எழுதும் ஓய்வும் பெறாதிருப்பின் அவ்வாழ்வும் வழக்கொழிந்த கதைகளாகச் சுருங்கியிருக்கும்.

‘மீட்பு’ என்னும் கதையாடல்

தொடக்கத்தில் தமிழ் நாடகத்தின்பால் தமக்கு மதிப்பில்லை என்பதைச் சம்பந்த முதலியார் மறைக்கவில்லை. ஆங்கில நாடகங்களில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்லுவின் தெலுங்கு நாடகக் குழுவைச் சென்னையில் கண்ட பின்னரே தமிழிலும் அத்தகைய முயற்சி வேண்டுமென எண்ணினார். கற்றோரும் உயர்நிலையினரும் அம்மேடையில் நடித்தமை அவரைக் கவர்ந்தது. அதாவது, நாடகத்தின் தரம் பற்றிய கேள்வியும் நடிப்போரின் சமூகநிலை பற்றிய கேள்வியும் அவருடைய சிந்தனையில் தொடக்கத்திலேயே பின்னிக் கிடந்தன.

பிற்கால வரலாற்று நூல்கள் பல இப்பின்னலைப் பிரித்தறியவில்லை. கீழ்நிலையில் கிடந்த தமிழ் நாடகத்தைக் கற்றோர் மீட்டனர் என்னும் கதையாடலை அவை ஏற்றுக்கொண்டன. இக்கதையாடலில் தொழில்முறைக் கலைஞர் மீட்கப்பட வேண்டிய நிலையின் சான்றாக மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்களுடைய பயிற்சி, இசையறிவு, மனனத் திறன், மேடை நிருவாகம் ஆகியவை கலைத்திறன்களாகக் கணக்கிடப்படுவதில்லை.

இதன் முழுப் பழியையும் சம்பந்த முதலியார்மீது சுமத்துதல் நேர்மையன்று. தம் காலத்துத் தொழில்முறைக் கலைஞர்களை அவர் கூர்ந்து கண்டவர். தஞ்சைக் கோவிந்தசாமி ராவ் போன்றோரை மதித்தவர். ‘நான் கண்ட நாடகக் கலைஞர்கள்’ எனத் தனிநூலே எழுதியவர். நினைவுகளை எழுதுபவர் தாம் கண்டதைத் தாம் நின்ற இடத்திலிருந்து எழுதுவது இயல்பு. அந்த ஓரிடத்தை ஊரின் முழுப்பரப்பாகக் கொண்டது பின்வந்தோரின் பிழை.

பெண்வேடமும் பெண்களும்

சுகுண விலாச சபையின் தொடக்க மேடை ஆடவரின் மேடை. பெண்பாகங்களையும் ஆடவரே ஏற்றனர். அவர்களுள் சி. ரங்கவடிவேலு முதன்மையானவர். சம்பந்த முதலியாரின் எதிரில் நாயகியாக நடித்த அந்நண்பரைப் பற்றிய பகுதிகள் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலின் உணர்ச்சி மிக்க பகுதிகளாகும். நட்பும் கலையும் ஒன்றாகிய உறவு அங்கே பதிவாகியுள்ளது. பெண்ணாக நடித்த ஆடவர் ஒருவர் இவ்வளவு பரிவுடன் நினைவுகூரப்படும் அதே காலத்தில், மேடையில் பெண்ணாகவே நின்ற பெண்களுக்கு அத்தகைய நினைவேடு வாய்க்கவில்லை.

கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுவை நடத்தினார். அவருடைய நாடகத்தைக் காணச் சிறப்புத் தொடர்வண்டிகள் விடப்பட்டதாகவும் இறுதிக்காலத்தில் அவர் வறுமையுற்றதாகவும் கூறப்படுகிறது. ஒரு குழுவை அமைத்துப் பயிற்றுவித்து ஊர்தோறும் நடத்திய பெண்ணின் நிருவாகத் திறனைப் பற்றி ஆராய்வதற்கு மாறாக, புகழையும் வீழ்ச்சியையும் இணைக்கும் நீதிக்கதையாகவே அவ்வாழ்வு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

‘அவ்வையார்’ பாத்திரம் மற்றொரு சான்று. மேடையில் அப்பாத்திரத்தை ஏற்ற சண்முகத்திற்கு ‘அவ்வை’ என்பது பெயரின் பகுதியாகவே ஆயிற்று. 1953இல் திரையில் அதே பாத்திரத்தை ஏற்றவர் கே.பி. சுந்தராம்பாள் (1908–1980). முதுமகளாக நடித்த ஆடவர் தம் வாழ்வைத் தாமே எழுதினார். சுந்தராம்பாளின் வாழ்வோ பெரிதும் பிறர் எழுத்தின் வழியே அறியப்படுகிறது. அவ்வெழுத்துகளில் 1933இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவுடனான காதலும் அதன்பின் அவர் மேற்கொண்ட வெண்ணிற ஆடையுமே மையம். 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் ஆண்பாகம் ஏற்க ஒரு இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றவர் அவர். விடுதலை இயக்க மேடைகளில் பாடியவர். தம் குரலின் விலையை அறிந்து பேசிய தொழிற்கலைஞரைக் கைம்மை நோன்பின் உருவமாக மட்டும் காண்பது அவருடைய கலையுழைப்பைக் குறைத்துக் காண்பதாகும்.

டி.பி. ராஜலட்சுமியின் நிலையும் கருதத்தக்கது. நாடக மேடையிலிருந்து வந்து 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியானவர், புதினம் எழுதியவர், 1936இல் ‘மிஸ் கமலா’ படத்தை இயக்கியவர். எழுதும் ஆற்றல் அவருக்கு இருந்தது. எனினும் ‘முதல் நாயகி’, ‘முதல் பெண் இயக்குநர்’ என்னும் ‘முதன்மை’ப் பட்டியலுக்கு அப்பால் அவரைப் பற்றிய விரிவான திறனாய்வு இன்னும் போதிய அளவில் எழவில்லை. சம்பந்த முதலியார் மறைந்த 1964ஆம் ஆண்டிலேயே அவரும் மறைந்தார். ஒருவர் ‘தந்தை’யாக நிலைபெற்றார், மற்றவர் வினாவிடை நூல்களின் ஒருவரி விடையாகச் சுருங்கினார்.

திரையில் கலந்த இரு மரபுகள்

மீட்புக் கதையாடலை மறுப்பதற்குத் திரைப்படமே தக்க சான்று தருகிறது. சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ 1941இல் ஏ.வி. மெய்யப்பனின் தயாரிப்பில் படமானது. அப்படம் இன்றும் நகைச்சுவையால் நினைக்கப்படுகிறது. அதில் வேலைக்காரன் சபாபதியாக நடித்த காளி என். ரத்தினம் பாலர் நாடகக் குழுக்களில் உருவானவர். அங்கே இளையோர்க்கு நடிப்புப் பயிற்றுவித்தவர். எழுத்து பயில்முறைச் சபையினுடையது. அவ்வெழுத்தை மக்கள் நெஞ்சில் பதித்த உடலும் குரலும் தொழில்முறைக் குழுவினுடையவை.

‘மனோகரா’ இதனினும் தெளிவான சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சபைக்காக எழுதப்பட்ட அந்நாடகம் பாலர் குழுக்களின் மேடைகளிலும் விரும்பி நடிக்கப்பட்டது. 1954இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதியின் உரையாடலுடன், சிவாஜி கணேசன் நடிப்பில் திரைக்கு வந்தது. சிவாஜி கணேசன் சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து பயின்றவர். ஆக, சபையின் நாடகம், திராவிட இயக்கத்தின் உரைநடை, பாலர் குழுவின் பயிற்சி ஆகிய மூன்றும் அப்படத்தில் சந்திக்கின்றன. இவற்றுள் ஒன்று மற்றொன்றை மீட்டது என்பதினும், ஒன்றின்றி மற்றொன்று நிலைத்திராது என்பதே பொருந்தும்.

கடல் கடந்த தொடர்ச்சியையும் இங்கே கருதலாம். சுகுண விலாச சபையின் தாக்கம் இலங்கைக்கும் பரவியது. சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்னும் நூலை எழுதினார். நாடகம் கற்றுக்கொண்டதோடு, நாடக வாழ்வை எழுதி வைக்கும் பழக்கமும் குருவிடமிருந்து மாணவர்க்குச் சென்றது எனலாம். அவ்வகையில், நினைவெழுத்து என்னும் வகைமையைத் தமிழ் நாடக உலகிற்கு வழங்கியது சம்பந்த முதலியாரின் பெரும் பங்களிப்பு. அவருடைய நாடகங்களைவிடவும் அது நெடுங்காலம் பயன்படக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்று மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, தன்வரலாற்று நூல்கள் இன்றி நாடகக் கலைஞர் வாழ்வை அறிய இயலாது; ஆயினும் அவற்றை மட்டும் கொண்டு அறிய முற்படுவது எழுதியவரின் சமூகநிலையை வரலாறாக ஏற்பதாகும். இரண்டு, எழுதாத கலைஞரின் வாழ்வை மீட்டெடுக்க நாடகப் பாட்டுப் புத்தகங்கள், துண்டறிக்கைகள், இசைத்தட்டுகள், நாளிதழ் விளம்பரங்கள், 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தையொட்டி எழுந்த அரசு ஆவணங்கள் ஆகியவற்றை நினைவு நூல்களோடு ஒப்புநோக்க வேண்டும். மூன்று, நடிகையரின் வாழ்வைக் காதலும் வீழ்ச்சியும் கொண்ட கதையாக அன்றி, உழைப்பும் ஊதியமும் நிருவாகமும் கொண்ட தொழில் வரலாறாக எழுத வேண்டும்.

2002ஆம் ஆண்டு ‘பம்மல் கே. சம்பந்தம்’ என்னும் நகைச்சுவைத் திரைப்படம் வெளிவந்தது. இளைய தலைமுறையினர் பலர்க்கு இப்பெயர் அப்படத்தின் வழியாகவே அறிமுகம். அப்படத்தின் நாயகன் எழுத்தாளனோ வழக்கறிஞனோ அல்லன். திரையில் முகம் தெரியாமல் பிறருக்காகச் சண்டைக் காட்சிகளில் அடிபடும் கலைஞன். திட்டமிடாமலே அமைந்த இம்முரண் பொருள் மிக்கது. நினைவேட்டை எழுதியவரின் பெயர், நினைவேட்டில் இடம்பெறாத உழைப்பாளி ஒருவனுக்குச் சென்று சேர்ந்தது. பல்லாவரத்திற்கு இருபுறமும் பரந்த இப்புறநகர்ப் பகுதி தன் பெயரால் அறியப்பட்ட கலைஞரைப் போற்றுவது முறையே. அவருடன் மேடையையும் அவருக்குப் பின் திரையையும் தாங்கி நின்று எழுதப்படாது போனோரையும் அப்போற்றுதலில் சேர்ப்பது ஆய்வுலகின் கடன்.