பாதிக் கோட்டில் ஒரு கட்டர்

சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் எழுதும் கேம் (CAM) மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த இடம், பலரும் அவசரமாகக் கடந்துபோகும் டூல் லைப்ரரி. எண்ட் மில், பால் நோஸ், டிரில் என்று கடையில் கிடைப்பதெல்லாம் அங்கே தயாராக இருக்கும்; விட்டத்தையும் நீளத்தையும் நிரப்பினால் முடிந்தது. பட்டியலில் இல்லாத கட்டரை நாமே வரையவேண்டி வரும்போதுதான் ருசி தொடங்குகிறது.

ஆடுதுறைக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தையே எடுத்துக்கொள்வோம். 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் ஆச்சா மரத்தை அங்கே தேடி வாங்குகிறார்கள். காலங்காலமாக உத்தரமாகக் கிடந்து ஈரம் வற்றிய மரம் பிறகு முறுக்கிக்கொள்ளாது. கடைசலில் வரும் வெளி வடிவத்தை யாரும் மெச்சிவிடுவார்கள். என் கண் போவது உள்ளே: சீவாளி செருகும் பக்கம் ஒடுங்கி, அனசு என்கிற அகன்ற வாய்ப் பக்கம் விரியும் துளை. டிரில்லை மாற்றி மாற்றிப் போட்டாலும் உள்ளே படிக்கட்டுதான் விழும். அதை வழித்துச் சரிவாக்க, அந்தச் சரிவையே உடம்பாகக் கொண்ட கருவி வேண்டும். மேற்கத்திய ஓபோ வாத்தியம் செய்கிறவர்கள்கூடத் தங்களுக்கென்று ரீமர் செய்துகொள்வது இதனால்தான்.

குட்டையான திமிரி நாதஸ்வரம் போய் நீளமான பாரி நாதஸ்வரம் வந்த கதையில் வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியையும் சேர்த்தே சொல்வார்கள். வித்வானின் காது கேட்டதை ஆசாரி மரத்தில் கொண்டுவந்தார் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. குழல் நீண்டால் சரிவும் மாறும். அதை முதலில் இரும்பில் கொண்டுவந்தாக வேண்டுமே!

அப்படியொரு ரீமரை மென்பொருளில் வரைந்து பார்க்கலாம். நடுவே சுழலும் அச்சு. அதற்கு ஒரு பக்கம் மட்டும் கோடு போட்டால் போதும். மென்பொருளே அதைச் சுழற்றி முழுக் கட்டராக்கிவிடும். உதாரணத்துக்கு நுனி விட்டம் 6 மி.மீ., அகன்ற முனை 20, வெட்டும் நீளம் 300 என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கச் சரிவு 1.34 டிகிரிதான். கண்ணுக்குக் கிட்டத்தட்ட நேர்கோடு. இதில் 0.1 டிகிரி பிசகினால், நுனி சரியாகவே இருந்தாலும் அகன்ற முனையில் விட்டம் 1 மி.மீ.க்கு மேல் தப்பும். கூம்புத் துளையில் சரிவு கெட்டால் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் சேர மறுக்கும்.

கோடு போட்டதோடு வேலை முடிவதில்லை. வெட்டும் விளிம்பு எங்கே முடிகிறது, ஷாங்க் எங்கே தொடங்குகிறது, ஹோல்டர் எவ்வளவு பருமன் என்பதையும் சொல்லவேண்டும். சோம்பேறிகள் ஹோல்டரை விட்டுவிடுவார்கள். சிமுலேஷன் சமர்த்தாக ஓடி முடியும். மெஷினில் ஹோல்டர் போய் ஜாபில் இடிக்கும். நாம் சொல்லாத இரும்பு மென்பொருளுக்கு இல்லாத இரும்பு.

கெட்டி மரம் ரீமரின் கூர்மையை மழுக்கும். தீட்டியதில் ஆரம் 0.05 மி.மீ. குறைந்தால், அதே துளை கிடைக்க இந்த ரீமர் இன்னும் 2 மி.மீ.க்குச் சற்று மேல் உள்ளே போகவேண்டும். கைவேலைக்காரர் விட்டுப் பார்த்து, அளந்து, சரிக்கட்டிக்கொள்வார். மென்பொருளில் யாராவது உட்கார்ந்து லைப்ரரியில் எண்ணைத் திருத்தவேண்டும். தீட்டிய கையோடு அதைச் செய்கிற ஆள் கிடைத்தால், கும்பகோணம் டிகிரி காபி என் செலவு.